அணைக்கக் கூடாத பெட்டி

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போனால் விற்பவர் முகத்தைப் பார்க்காதே, பெட்டியின் வயிற்றைத் திறந்து பார் என்பதுதான் அந்த மெக்கானிக்கின் வேதம். இருபது வருஷம் ஏமாற்றுப் பெட்டிகளோடு மல்லுக்கட்டி, தண்ணீர் கொடுத்தால்கூட மோந்து பார்த்துக் குடிக்கிற ஆளாகியிருந்தான். கடைத்தெருவில் அவனுக்குச் ‘சந்தேகம்’ என்றே பெயர்.

அன்று மதியம் அவன் கிளம்பியது தங்கைக்காக. கட்டட வரைபடம் போடும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சொந்தமாக டெஸ்க்டாப் வேண்டும். அப்பா, அம்மா போனபிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். வேறு நாதியில்லை.

விற்கிற வீட்டில் கதவைத் திறந்த அம்மாள் அண்ணன் தங்கை இருவருக்கும் அறையைக் கைகாட்டிவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

“ஓடிட்டுதான் இருக்கு. நல்லா பாத்துக்கங்க. அணைக்க மட்டும் அணைக்காதீங்க.”

“அணைக்காம எப்படிம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?”

“யூபிஎஸ்ஸோட சேத்துத் தூக்கிட்டுப் போங்க.”

தங்கை வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜன்னல்கள் அடைத்த அறை. சூடேறிய தூசியின் வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டால் வருமே, அந்த ரத்த வாடை. மேஜைமேல் திரை ஒளிர்ந்தது. கீழே பெட்டி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது.

தங்கை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் தரையில் குந்திப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான்.

“ஐ-செவன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குண்ணா!”

“ஸ்டிக்கரை யார் வேணா ஒட்டலாம். எத்தனாவது ஜெனரேஷன், அதைப் பாரு.”

“எட்டு. ரேம் பதினாறு.”

எட்டும் எட்டுமாக இரண்டு ரேம் செருகியிருந்தன. வரைபடத்தைச் சுழற்றிப் பார்க்கத் தேவையான கிராஃபிக்ஸ் கார்டும் அசல். எதிலும் பொய்யில்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. பெட்டி எத்தனை காலம் ஓடியது என்று ஹார்ட் டிஸ்க் தானே குறித்து வைத்திருக்கும். அந்தக் கணக்கைத் திறக்கச் சொன்னான்.

“இருபத்தாறாயிரம் மணி நேரம்” என்றாள். “நடுவுல அணைச்சுப் போட்டது ரெண்டே தடவை.”

அவனுக்கு விளங்கிவிட்டது. அணைக்காதே என்று விற்பவர் சொன்னால், ஆறிப்போனபின் எழாத பெட்டி என்று அர்த்தம். தொழிலில் இது பாலபாடம்.

“மதர்போர்டு அவுட்” என்று கிசுகிசுத்தான். “சூடு ஆறினா எந்திரிக்காது. அணைச்சுப் பாத்துருவோம். நீ அணை, நான் ஃபேனைக் கவனிக்கிறேன்.”

அவள் அணைத்தாள்.

ஃபேன் சுற்றி ஓய்ந்தது.

தெருச் சத்தமும் ஓய்ந்தது.

“அண்ணா...”

நிமிர்ந்தான். மவுஸ் ஒயர் அவள் கழுத்தை இரண்டு சுற்று சுற்றியிருந்தது. அவன் எழுவதற்குள் அது அவள் முகத்தைக் கீபோர்டில் அறைந்தது. மறுபடி அறைந்தது. பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது.

கட்டிங் பிளேயரால் ஒயரை வெட்டினான். துண்டு துண்டாக விழுந்தது.

இறுக்கம் விடவில்லை.

வெறும் கழுத்தில் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. அவள் கண்கள் பிதுங்கின. குதிகால்கள் தரையை உதைத்தன.

“போடுங்க!” அம்மாள் வாசற்படியிலிருந்து அலறினாள். “திரும்பப் போடுங்க! மொதல்ல என் மகன் அணைச்சான், அப்புறம் அவங்கப்பா. ரெண்டு பேரையும் அடக்கம் பண்ணிட்டேன்!”

பட்டனை அழுத்தினான். எழவில்லை. மறுபடி அழுத்தினான். பட்டன் உள்ளே போய்ச் செருகிக்கொண்டது. போர்டில் சுவிட்சுக்கான இரண்டு ஊசிகளையும் ஸ்குரு டிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டால் உயிர் வரும். கையை உள்ளே விட்டான்.

கரண்ட் இல்லாத ஃபேன் சுழன்றது.

மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. எலும்பு நொறுங்கும் சத்தத்தைக் காதால் கேட்டான். ரத்தம் போர்டெங்கும் தெறித்தது. கையை எடுத்தால் தங்கை இல்லை. அந்த ஒரு நினைப்பில் மிச்ச விரல்களால் ஊசிகளைத் தேடித் தொட்டான்.

திரை ஒளிர்ந்தது. தங்கை நெஞ்சு கிழிய மூச்சை இழுத்தாள்.

ஆஸ்பத்திரியில் அவன் கைக்குக் கட்டுப் போட்டார்கள். அவள் உதட்டில் ஏழு தையல். சாயங்கால வெளிச்சம் வார்டில் விழுந்திருந்தது. அவள் தூங்கினாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பிழைத்துக்கொண்டாளே என்று வெட்கமில்லாமல் அழுதான்.

அப்போது அவள் தொண்டையில் ஒரு கோடு விழுந்தது.

மெல்ல உள்ளே போனது. ரத்தம் தெறித்த போர்டு அந்த வீட்டில் அணைந்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியது.

நல்ல கையின் இரண்டு விரல்களை அந்தப் பள்ளத்தில் நுழைத்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்மேல் ஏதோ மெல்லிசாக இறுகியது, தோலை அறுத்தது. பல்லைக் கடித்துத் தூக்கிப் பிடித்தான். அந்த இடைவெளியில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு ஓடியது.

“சிஸ்டர்!”

ஓடிவந்த நர்ஸ் தங்கையின் நீலம் பாய்ந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கழுத்தில் புதைந்திருந்த அவன் விரல்களைப் பார்த்தாள்.

“ஐயோ, கொல்றான்! கையை எடுடா!”

“எடுக்கச் சொல்லாதீங்க, செத்துருவா...”

இரண்டு வார்டு பாய்கள் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள்.