அண்ணனின் கீபோர்டு

எஃப் எழுத்தின் மேல் இருக்கும் சின்ன மேடு மெத்தென்று இருந்தது.

அது பிளாஸ்டிக். நகம் பட்டால் கறுக்கென்று இருக்க வேண்டியது. பார்வையில்லாதவர்கள் கீபோர்டில் கை வைத்ததும் முதலில் தேடுவது எஃப், ஜே இரண்டின் மேலும் இருக்கும் அந்த மேட்டைத்தான். அது கிடைத்துவிட்டால் மற்ற எழுத்துகள் தானாக விரலடிக்கு வந்துவிடும். அவள் விரலை எடுத்தாள். உடனே வரவில்லை. கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு சப்பென்று விட்டது. முகர்ந்தாள். முகர்ந்திருக்கக் கூடாது. பினாயிலுக்கு அடியில் வேறொரு வாடை, பல நாள் மூடிக் கிடந்த டிபன் டப்பாவைத் திறந்த மாதிரி.

"நல்லா தொடச்சுத்தாம்மா வெச்சிருக்கேன்," என்றாள் வீட்டுக்காரம்மா. நிலைக்கு வெளியே நின்றுகொண்டுதான் பேசினாள். உள்ளே கால் வைக்க மனசில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "சாயங்காலம் ஆளுங்க வராங்க. வயரையெல்லாம் பிடுங்கிட்டு சுவத்த இடிக்கப் போறாங்க. அதுக்குள்ள முடிச்சுக்க. இல்லேன்னா பொட்டிய அப்படியே தூக்கிட்டுப் போயிடேன்."

அதுதான் முடியாது. அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது என்று அண்ணனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். வருஷக்கணக்கில் அவன் அதை அணைத்ததில்லை. அவன் போன பிறகும் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டு கிடக்கிறது. அதற்குள்தான் அம்மாவின் குரல் இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியதை அவன் ஒருவன்தான் பதிந்து வைத்திருந்தான். "எனக்கும் அனுப்புண்ணா" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள்! "எங்கயும் ஓடிப் போயிடாது" என்பான். பிறவியிலேயே பார்வையில்லாத இவளுக்கு அம்மாவின் முகம் என்றால் அந்தக் குரல்தான். இன்றைக்கு விட்டால் அதுவும் போயிற்று.

அண்ணனுக்கும் பார்வையில்லை. கண்ணில்லாதவன் வீட்டில் திரை எதற்கு, கரண்ட் தண்டம் என்று மானிட்டரை என்றோ விற்றுவிட்டான். திரையில் இருக்க வேண்டியதை வாசித்துச் சொல்லும் குரல் ஒன்றுதான் அவனுக்குத் துணை. இப்போது அதுவும் இல்லை. ஸ்பீக்கரை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். ஹெட்போனைச் செருகிப் பார்த்தாள்; பின் டக்கென்று உட்காராமல், ஈறுக்குள் இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது. சத்தமே இல்லை. இழுத்தபோது கூடவே நூல் நூலாக ஏதோ வந்து மணிக்கட்டில் விழுந்தது. ஹெட்போனை மூலையில் வீசினாள்.

ஒரே வழிதான் பாக்கி. அண்ணனும் தங்கையும் ஒருவர் கம்ப்யூட்டரை மற்றவர் தூரத்திலிருந்தே இயக்கப் பழகியவர்கள். இரண்டு பக்கமும் ஒரே ரகசியச் சொல்லைப் போட வேண்டும். எது எதை இயக்குவது என்று ஒரு கேள்வி வரும். சரியாகப் பதில் சொல்லிவிட்டால் அந்தப் பெட்டியின் பேச்சும் சத்தமும் இவள் லேப்டாப்பில் கேட்கும். அப்புறம் அம்மாவை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆனால் இந்தப் பக்கத்து வேலை முழுவதையும் பேச்சில்லாமல், மனப்பாடமாக அழுத்த வேண்டும்.

கையுறை கொண்டுவந்திருந்தாள். போட்டால் மேடு தட்டுப்படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினாள். அண்ணனைத் தூக்க வந்தவர்கள் வீட்டுக்காரம்மாவிடம் சொன்னதை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்தாள். உட்கார்ந்தபடியே போயிருக்கிறான். நாலைந்து நாள் யாருக்கும் தெரியவில்லை. கீபோர்டிலிருந்து விரல்களைப் பிரித்தெடுப்பதற்குள் அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம். எல்லாம் பிரிந்து வரவில்லையாம்.

மெனு. கீழே. கீழே. என்டர். ரகசியச் சொல். டேப். ஒவ்வொரு எழுத்தும் சப், சப் என்று விரலைச் சப்பி விட்டது. எழுத்துகளின் இடுக்கில் மயிரோ, வேறெதுவோ நகக்கண்ணில் ஏறியது. கடைசி என்டரை அழுத்தியதும் மடியிலிருந்த லேப்டாப் கீச்சென்றது. "இணைக்கப்பட்டது."

அப்பாடா! லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். வீட்டுக்காரம்மா மாடிக்குப் போய்விட்டிருந்தாள். குழாயடியில் சோப்பு தேய்ந்து சில்லாகும்வரை கை கழுவினாள். நகத்துக்குள்ளிருந்து வாடை போகவில்லை.

உட்கார்ந்து தேடத் தொடங்கினாள். லேப்டாப் வாசித்ததெல்லாம் அவளுடைய கோப்புகள். அவளுடைய கடிதங்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கேள்வியில் அம்புக்குறியை ஒரு தடவை குறைத்து அழுத்தியிருக்கிறாள். இவள் அந்தப் பெட்டியை இயக்கவில்லை. உள்ளறைக் கீபோர்டு இவள் லேப்டாப்பை இயக்கக் காத்திருக்கிறது. அசட்டுத் தப்பு. அண்ணன் இருந்தால் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கியிருப்பான். அவள் தப்பு செய்தால் அவனுக்குப் பொறுக்காது. "தள்ளு" என்பான். அவள் கையை எடுக்கும்வரைகூட நிற்க மாட்டான். வேர்வையும் பிஸ்கட் தூளுமாகப் பிசுபிசுக்கும் தன் கையை அவள் கைமேலேயே வைத்து, அவள் விரல்களோடு சேர்த்து அழுத்துவான். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அது அருவருப்பு.

மறுபடி போய் மாற்ற வேண்டும். எழுந்தாள்.

"த," என்றது லேப்டாப்.

அவள் விரல் எதன்மேலும் இல்லை.

உள்ளறையில் சப்.

"ள்."

சப்.

"ளு. தள்ளு."

"அம்மா! உள்ள இருக்கீங்களா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டாள்.

"மாடில இருக்கேம்மா! என்ன?" குரல் மேலிருந்து வந்தது. கூடவே கனத்த காலடிகள். "ஆளுங்க வந்துட்டாங்க. மெயின் ஆஃப் பண்ணிடலாமா?"

வாசல் பக்கத்தில்தான் இருந்தது. செருப்புகூட வேண்டாம், அப்படியே ஓடியிருக்கலாம். வாயில் புளிப்பாக ஊறியது.

அம்மாவின் குரல்.

"ஒரே நிமிஷம்மா! ப்ளீஸ்!"

உள்ளே போனாள். வாடை முன்பைவிடத் தடித்திருந்தது, நாக்கில் ருசியாகப் படிந்தது. நாற்காலியில் கை வைத்துப் பார்த்தாள். காலி. ஆனால் இருக்கை ஈரம். உட்காராமல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேட்டைத் தேடினாள். எஃப். ஜே. மெனு. கீழே. கீழே. என்டர். ரகசியச் சொல். டேப். இந்தத் தடவை அம்பு சரியாக—

மேலே வந்து படிந்தன.

இரண்டு கைகள். ஜில்லென்று. நனைந்த ரொட்டி மாதிரி. அவள் விரல்மேல் விரலாக.

அழுத்தின.

முன்னறையில் லேப்டாப் கீச்சென்றது. "இணைக்கப்பட்டது." சப். "அம்மா. ஃபோல்டர்." சப். சப்.

"கண்ணு," என்றாள் அம்மா.

அதே குரல். அதே இழுப்பு. நடுவில் அதே வறட்டு இருமல்.

அவள் கையை உருவினாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ஏதோ வழுகி, கழன்று, அவள் விரல்களோடு தளதளவென்று வந்தது. தோல். அதற்கடியில் இருந்தது மறுபடி வந்து அவள் விரல்களைப் பற்றி, இடத்தில் வைத்தது.

"அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன், உனக்குன்னு நான் வெச்சிருக்கற—"

மாடியில் மெயின் சுவிட்சைப் படக்கென்று இறக்கினார்கள்.

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. பெட்டியின் உறுமல் இறங்கி, இறங்கி, நின்றது. "இணைப்பு துண்டிக்கப்பட்டது," என்றது லேப்டாப். வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

கைகள் நிற்கவில்லை. செத்த கீபோர்டின்மேல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே இருந்தன. சப். சப். சப்.