தலைக்கு ஒரு சாண் தள்ளி

போன் அலறியது.

டேப் சுற்றிய கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த யோகலிங்கம் எடுத்தார்.

"பொலிஸில இருந்து கதைக்கிறன். ஜேர்மனியில விமானக் கொம்பனியில வேலை செய்தவர் நீங்கள்தானே?"

"ஓம் சேர். சின்ன விமானம். கூடவே சைக்கிளும் செய்யிற கொம்பனி. ஆறு வருஷம்..."

"உடன முரசுமோட்டைக்கு வாங்கோ. கொலை முயற்சி."

வட்டக்கச்சியில் அந்த ஆறு வருஷக் கதையைக் கேட்காத காது கிடையாது. கலியாண வீடு, செத்த வீடு, சலூன்... எங்கே இரண்டு பேர் கூடினாலும் யோகலிங்கத்தின் விமானம் மேலே எழும்பிவிடும். மனைவி இராசேஸ்வரி மட்டும் அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்விடுவா.

இன்றைக்கு அவவும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டா. கொலை முயற்சியை யார் விடுவார்கள்?

வயல் வரம்பில், கமக்காரர் சங்கத்தின் மருந்தடிக்கும் ட்ரோன் குப்புறக் கிடந்தது. நாலு விசிறியில் ஒன்றைக் காணோம்!

"என் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துச்சுங்க," என்றார் வயல்காரர் ஆண்டியப்பன்.

ட்ரோன் ஓட்டும் சஜீவன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றான். கையில் விலங்கு.

"நேற்று ரெண்டு பேருக்கும் வாய்க்கால் தண்ணியால சண்டை," என்றார் இன்ஸ்பெக்டர். "விசிறி தானாக் கழண்டதா, ஆரும் கழட்டினதா? கழட்டினதெண்டு நீங்கள் சொன்னா இவன் உள்ளுக்கு."

யோகலிங்கம் குனிந்தார். கண்ணாடியைத் துடைத்தார். இருமினார். அனுபவஸ்தர்கள் அப்படித்தான்.

"விசிறித் தண்டின்ர மரையில சேதமில்லை. ஆரோ ஸ்பானர் போட்டுத் தளர்த்தியிருக்கினம். திட்டம் போட்ட வேலை சேர்."

"அண்ணை, நான் நேற்றுப் பின்னேரம் வடிவா இறுக்கிப்போட்டுத்தான் தேத்தண்ணிக்குப் போனனான்," என்றான் சஜீவன். "இது இடது மரை நட்டு. தெரியாத ஆக்கள் இறுக்கிறம் எண்டு வலப்பக்கம் திருப்பினா கழண்டிடும்."

யோகலிங்கம் அந்தத் தண்டை இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்.

நேற்றுப் பின்னேரம்... சங்கக் கட்டடம்... ஆளில்லாமல் நின்ற ட்ரோன்... 'செக் பண்ணினது நான்தான்' என்று நாளைக்கு ஊருக்குச் சொல்லும் ஆசையில் ஸ்பானரை எடுத்த கை...

ஒரு நட்டு மட்டும் எவ்வளவு இறுக்கியும் சுற்றிக்கொண்டே இருந்ததே!

பார்த்தவர் எவருமில்லை. வாயை மூடினால் போதும். விமானம் பத்திரம்.

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்தார். சஜீவன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

"சேர்... அது நான்தான். இறுக்கிறன் எண்டு நினைச்சுத் திருப்பினனான்."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"விமானம் செய்தவருக்கு இடது மரை தெரியாதோ?"

"விமானம்... மற்றக் கட்டடம் சேர். நான் சைக்கிள் பக்கம்."

விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தடவியபடி சஜீவன் கேட்டான்:

"சைக்கிள்ல இடப்பக்கப் பெடலும் இடது மரைதானே அண்ணை?"

யோகலிங்கம் வரம்பில் இருந்த ஒரு நண்டுப் பொந்தைப் பார்த்தார். போதுமான அகலம் இல்லை.

"நான்... சைக்கிளைப் பெட்டியில போட்டு டேப் ஒட்டினனான்."

எல்லோரும் இராசேஸ்வரியைப் பார்த்தார்கள். அவவின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை.

"அது எனக்கு எப்பவோ தெரியும் சேர்," என்றா. "இருவது வருஷமா வீட்டில உடைஞ்ச ஒரு சாமானுக்கும் இந்த மனுசன் ஆணி அடிச்சதில்லை. எல்லாம் டேப்."