மன்னாரில் இருந்து வந்த வால்

இத்தாலியின் பலேர்மோ நகரில் கிளறாவின் பள்ளிக்கூட மேடை அன்று ஊற்றாகிவிட்டது. தண்ணீர் வேறொன்றுமில்லை, அவளுடைய அம்மாவின் நீலச் சேலைகள்தாம். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்து அசைக்க, அலை மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நாடகத்தின் கதை சின்னது. குளிர்காலத்தில் கடல் சில்லிட்டதும், கடற்பசுக்கள் வெதுவெதுப்பான ஊற்றைத் தேடி வரும். அங்கே அவற்றுக்கு ஒரு சரணாலயம். அந்த்ரேயா அதன் காவலன். கிளறா கடைசியாக வரும் கடற்பசு.

அவளுடைய உடுப்பை அப்பா ஸ்ரான்லி தைத்திருந்தார். கிளறா காட்டிய படத்தில் முகம் மட்டுமே இருந்தது. அவருக்கு அது போதும்.

"இது எங்கடை ஆவுளியா எல்லோ! மன்னார்க் கடலிலை இந்தக் கடற்பசுவை எத்தினை தரம் பாத்திருக்கிறன். நீ பேசாமல் இரு, நான் தைக்கிறன்."

திரைக்குப் பின்னால் அந்த வாலைப் பார்த்த ஆசிரியை கியாரா தலையில் கை வைத்தார். மற்றப் பிள்ளைகளின் வால்கள் அகப்பை போல வட்டமாக இருந்தன. கிளறாவின் வாலோ மீன்வால் போல இரண்டாகப் பிரிந்திருந்தது.

"இது வேறு கடலில் வாழும் இனத்தின் வால், கிளறா. வெட்டிவிட்டு வட்டமாக அட்டை ஒட்டலாமா?"

அந்த்ரேயா கத்தரிக்கோலோடு தயாராக நின்றான்.

கிளறா திரையை விலக்கிப் பார்த்தாள். வேலை செய்யும் வீட்டில் சொல்லிவிட்டு நேரத்தோடு வந்த அப்பா, முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பக்கத்துப் பெண்ணிடம் வாலைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் போலும். கைகளை விரித்து விரித்துக் காட்டினார். கிளறாவுக்கு அழுகை வந்தது.

"வெட்ட வேண்டாம். அந்த்ரேயா, வாசலில் நீ என்னை யாரென்று கேள்."

"கேட்டால்?"

அதற்குள் மணி அடித்துவிட்டது.

எல்லாக் கடற்பசுக்களும் உள்ளே போயின. கடைசியாகக் கிளறா நீந்தி வந்தாள். அந்த்ரேயா கையை நீட்டி மறித்தான்.

"நீ யார்? உன் வால் எங்கள் ஆட்களுடையது போல இல்லையே!"

சபை சிரித்தது.

"நான் ஆவுளியா. மன்னார்க் கடலில் இருந்து வருகிறேன். உங்கள் கடற்பசுக்கள் எனக்குச் சொந்தக்காரர்கள். வழியெல்லாம் ஒரே குளிர். உள்ளே இடம் இருக்கிறதா?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அந்த்ரேயா திரைப் பக்கம் ஆசிரியையைத் தேடினான்.

அப்போது குண்டுக் கடற்பசு ஃப்ரான்செஸ்கோ ஒருபக்கம் உருண்டு படுத்தான்.

"இங்கே வா. இடம் இருக்கிறது."

மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அந்த்ரேயா கையை எடுத்துவிட்டு, பெரிய மனிதன் போலக் குனிந்து வழிவிட்டான்.

"ஓம், அதுதான் ஆவுளியா!" என்று முன்வரிசையில் அப்பா எழும்பிக் கத்தினார். அவர் தமிழில் சொன்னது அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கைதட்டினார்கள்.

நீலச் சேலைகள் எழுந்து, கிளறாவை மெல்ல மூடின. அம்மாவின் வாசம் வந்தது. அவள் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊற்று வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.