அழித்த மெயில் எங்கே போகும்?

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் எதுக்கு இருக்குதுன்னே தெரியலை. பக்கத்து மேசைக்காரனுக்கு மெயில் அனுப்புகிறான். அவன் 'ஓகே'ன்னு மெயிலிலேயே பதில் போடுகிறான். நடுவில் இருப்பது ஒரு தண்ணீர் பாட்டில்.

பம்மல் பட்டறையில் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். போன் அலறியது.

என் மகள் ஏஞ்சல்.

"அப்பா... தைல ஃபார்முலாவை நான் வித்துட்டேன்னு சொல்றாங்க. போலீஸ் வருது."

தாம்பரத்தில் வலித் தைலம் செய்யும் கம்பெனி. அவள் அங்கே கிளார்க். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் நின்றேன்.

முதலாளி ரோகிணி அம்மா நாற்காலியில். மேனேஜர் ஷ்யாம்சுந்தர் விறைப்பாக. ஏஞ்சல் அழுதபடி.

"ஃபார்முலா போட்டிக் கம்பெனிக்குப் போயிடுச்சு," என்றார் மேனேஜர். "இவ அனுப்பின மெயிலையெல்லாம் நேத்து அழிச்சிருக்கா. எதுக்கு?"

"மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சுன்னு வந்துது சார். அதான்..."

"எல்லாத் திருடனும் இதான் சொல்வான்."

எனக்குச் சுர்ரென்றது.

"இன்னா சார், போலீஸ் வர்றதுக்குள்ள நீயே ஜட்ஜா?"

ரோகிணி அம்மா கையை உயர்த்தினார்.

"இருங்க பெரியவரே. அழிச்சா போயிடாது. இங்க வர்ற, போற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு காப்பி தனியா சேர்ந்துடும். ஏழு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. ஆடிட்டர் கண்டிஷன்."

"குப்பையில போட்டதை ஏழு வருஷம் வச்சிருப்பீங்களா? இன்னா பொழப்பும்மா இது."

மேனேஜர் சிரித்தார். அந்த ஏற்பாட்டை வாங்கி வைத்ததே அவர்தானாம்.

"தாராளமா பாருங்க மேடம். இவ குட்டு வெளிய வரட்டும்."

ரோகிணி அம்மா கம்ப்யூட்டரில் அந்தக் காப்பிகளைத் திறந்து ஃபார்முலாவின் பெயரைத் தட்டினார். ஏஞ்சலின் மெயில் வந்தது... மேனேஜருக்கு மட்டும். அடுத்து மேனேஜரின் மெயில்... ரோகிணி அம்மாவுக்கு.

அதற்குக் கீழே இன்னொரு பெயர்... போட்டிக் கம்பெனியுடையது.

"ஷ்யாம்... எனக்கு அனுப்பின மெயில்ல, பிசிசி-ல யாரு இது?"

"அது எப்படி மேடம்? பிசிசி-ல போட்டா யாருக்கும் தெரியாதே..."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"பிசிசின்னா இன்னாம்மா?" என்று ஏஞ்சலைக் கேட்டேன்.

"மெயில் வாங்கறவங்களுக்குத் தெரியாம இன்னொருத்தருக்கும் ஒளிச்சு அனுப்பறதுப்பா. காப்பியில அதுவும் பதிஞ்சிருக்கு."

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஏற வேண்டிய ஆள்தான் மாறிப்போச்சு.

"ஏஞ்சல், உனக்கு மன்னிப்பு மெயில் அனுப்பறேன்," என்றார் ரோகிணி அம்மா.

"பொண்ணு எதிர்லதானே நிக்குது? வாயாலயே சொல்லும்மா."

சொன்னார்.

வெளியே வந்ததும் ஏஞ்சல் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தக் காப்பிதாம்ப்பா என்னைக் காப்பாத்துச்சு. இப்பவாச்சும் நம்பு."

"அதுல நீ இன்னால்லாம் எழுதிக்கீற?"

அவள் முகம் வெளிறியது.

"எங்கப்பா ஒரே பேஜார்னு ஃப்ரெண்டுக்கு ஒரு தடவை... ஆனா அழிச்சிட்டேன்ப்பா."

"எது, அழிச்சிட்டியா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோ பக்கம் விடுவிடுவென்று நடந்தேன். திருடனையும் பெத்த அப்பனையும் ஒரே பெட்டியில் போட்டு ஏழு வருஷம் பூட்டி வைக்கிற சாமானை எவன் நம்புவான்?