கருணை வீதியில் ஆறு மணி நேரம்

கீழைக்கடல் நகரின் கருணை வீதியில் தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு பெண், பார்வையற்ற முதியவர் ஒருவரின் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைப்பாள். அதைப் பார்க்க நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். முதியவர் இயந்திரம். பெண் மட்டும் அசல் மனுஷி. அதனால் கூட்டம் அதிகம்.

பேச்சித்தாயும் அவள் கணவர் மாசானமுத்துவும் நிலவின் புதுப்பாளைக் குடியிருப்பிலிருந்து ஆறு மணி நேர அனுமதியில் வந்திருந்தார்கள். அதற்குள் இருபத்து நான்கு காட்சிகளையும் பார்த்தாக வேண்டும். அடுத்த வீட்டுக்காரி இருபத்து மூன்றைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு வருஷமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

எல்லோர் கண்ணிலும் விழிச்சில்லு பதித்திருந்தது. அது காட்சியின் பெயரைச் சொல்லும், பதிவு செய்யும், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கும். அத்தனை முறை கண்ணைச் சிமிட்டினால் போதும். ரசிப்பதற்கு ஆகும் மொத்த உழைப்பு அவ்வளவுதான்.

முதலில் ஒரு வெண்கலச் சிலை. அதில் இரண்டு பேர் கையில் எதுவும் இல்லாமல் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு, தெரு நீளத்துக்கு ஒரு சுவரோவியம். நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரும் ஒருவரையும் தள்ளவில்லை.

"கற்பனைன்னா இதுல்லா கற்பனை!" என்றார் மாசானமுத்து. "ஏட்டி, வரைஞ்சவனுக்கு என்ன மூளை பாத்தியா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு. கண்ணச் சிமிட்டிட்டு நடங்க. இன்னும் நெறைய கெடக்கு."

பதினோரு மணிக்குப் பதினேழாம் காட்சியின் முன்னால் நின்றார்கள். கலைஞரின் பெயர் செண்பகவடிவு, உரிமம் பெற்றவர் என்றது விழிச்சில்லு. உதவப் போனவர்கள் வழக்கில் மாட்டிக்கொண்ட காலத்தில் வந்த ஏற்பாடு அது. உரிமம் உள்ளவர்கள், குறித்த நேரத்தில், குறித்த ஆளுக்கு மட்டுமே உதவலாம். காட்சியைப் பாதியில் விட்டால் உரிமம் பறிபோகும். அதோடு பிழைப்பும் போகும்.

செண்பகவடிவு முதியவரோடு நடுச்சாலைக்கு வந்தபோது மாசானமுத்து சரிந்து விழுந்தார். பூமியின் ஈர்ப்புக்குப் பழகாத நிலவுக்காரர்கள், ரத்தத்தைத் தலைக்குத் தள்ள ஈர்ப்புக்கச்சை கட்டிக்கொள்வார்கள். ஓடிய ஓட்டத்தில் அவருடைய கச்சை நெகிழ்ந்துவிட்டது.

"ஐயோ, யாராவது வாங்களேன்! பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்காரே!"

கூட்டம் ஆர்வத்தோடு திரும்பியது. விழிச்சில்லுகள் தேடிப் பார்த்துவிட்டு, 'பெயரிடப்படாத காட்சி' என்று அறிவித்தன.

"விழுந்தவர் பிரமாதம்," என்றார் ஒருவர். "அந்தம்மாதான் கொஞ்சம் ஓவரா நடிக்குது." மூன்று முறை சிமிட்டினார்.

செண்பகவடிவு பார்த்தாள். "தாத்தா, இங்கயே நில்லுங்க, இதோ வந்துடறேன்," என்று அந்த இயந்திரத்திடம் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். இயந்திரமானாலும் சொல்லாமல் விட்டுவரத் தெரியாதவள். மாசானமுத்துவை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கச்சையை இறுக்கினாள். முந்தானையால் விசிறினாள்.

"ஒண்ணுமில்லக்கா, அழாதீங்க. முழிச்சிட்டாரு பாருங்க."

மேலேயிருந்து பார்க்கிறவன் ஒருவன் மட்டும் அப்போது நட்சத்திரம் போடாமல் பார்த்திருப்பான்.

வீதியை மேற்பார்வையிடும் இயந்திரமான ஒழுங்கர் உருண்டு வந்தது. "காட்சி பாதியில் நின்றது. உரிமம் ரத்து. ஆபத்து உண்மையானதுதான் என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னால் விலக்கு உண்டு. வாக்குமூலத்துக்குப் பத்து நிமிடம் ஆகும்."

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. எனக்கு வேற வேலை தெரியாது."

பேச்சித்தாய் மணியைப் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னா சொல்லுதேன்? பத்து நிமிசத்துல ரெண்டு காட்சி போயிருமேம்மா. ஒனக்கு அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டேன். சந்தோசமா இரு."

"ஏட்டி, பாவம்லா அந்தப் பிள்ளை," என்றார் மாசானமுத்து, எழுந்து உட்கார்ந்தபடி.

"பாவந்தான், யாரு இல்லைங்கா? ஒங்களால ஏற்கெனவே எட்டு நிமிசம் போச்சு. எந்திரிங்க."

அவர் எழுந்தார். இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவியின் பின்னால் போனார். ஒழுங்கர் மிக மரியாதையாகச் செண்பகவடிவின் தோளிலிருந்து உரிமச் சின்னத்தைக் கழற்றியது.

பதினெட்டாம் காட்சிக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு இயந்திரங்கள். ஒன்று விழுந்தது, மற்றது தூக்கிவிட்டது. விழுந்தது கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க. நீங்க இல்லேன்னா நான் இல்லை," என்றது. காட்சி அவ்வளவுதான்.

கூட்டம் விம்மியது. பேச்சித்தாய்க்குக் கண்ணீர் பெருகியதில் சிமிட்டல் சரியாக விழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஐந்து முறை சிமிட்டினாள்.

"இந்தக் காலத்துல யாருங்க இப்படி மனசார நன்றி சொல்லுதா?" என்றாள்.