மீதி அரை ஆம்பியர்

நவம்பர் 19, 2012. திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். ரௌட்டர் ஒயரையும் யூ.எஸ்.பி. ஒயரையும் வெட்டி, கறுப்போடு கறுப்பும் சிவப்போடு சிவப்புமாக முறுக்கினேன். கறுப்புக்குச் சுற்றியதோடு டேப் தீர்ந்துவிட்டது. சிவப்புக்கு, என் விரலில் இருந்த பிளாஸ்திரியை உரித்துச் சுற்றிவிட்டேன். நேற்று ஒயர் சீவும்போது பிளேடு கிழித்ததற்குப் போட்டது. உள்ளே ரத்தம் இருந்தது. நாளை புது டேப் வாங்கி மாற்ற வேண்டும்.

எழுதி முடித்த பிறகு, ‘சிறு’ என்ற சொல் சரிதானா என்று கல்பகம் கொஞ்ச நேரம் யோசித்தாள். அடிக்கவில்லை.

ஐதராபாத் மல்காஜ்கிரியில் அவளும் ஆக்னஸும் வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை கரண்ட் கிடையாது. இணையத்தில் நடக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பும் அதே ஆறு மணிக்குத்தான். இரண்டு வகுப்பு ஏற்கெனவே போய்விட்டது. மூன்றாவதும் போனால் தேர்வெழுத விடமாட்டார்கள். தேர்வு இல்லையென்றால், பகலெல்லாம் இன்சூரன்ஸ் பாலிசி எண்களைத் தட்டும் வேலையிலேயே கிடக்க வேண்டியதுதான். அதற்காகத்தான் லேப்டாப் பேட்டரியிலிருந்து ரௌட்டருக்குக் கரண்ட் இழுக்கும் இந்த ஏற்பாடு.

கணக்குப்படி அது ஓடவே கூடாது. ரௌட்டரின் அடியில் ஐந்து வோல்ட், ஒரு ஆம்பியர் என்று போட்டிருந்தது. லேப்டாப் தருவது அரை ஆம்பியர். தன் கணக்கின்மேல் நம்பிக்கை இல்லாமல் மூன்று முறை எழுதிப் பார்த்தாள். மூன்று முறையும் அரை குறைந்தது. ஆனால் செவ்வாய் மாலை கரண்ட் போனதும் ரௌட்டரின் நான்கு பச்சை விளக்குகளும் அசையாமல் எரிந்தன. வாங்கி வந்த டேப் மேசையில் இருந்தது. ஓடுகிறதைப் பிரித்து, பிறகு ஓடாமல் போய்விட்டால்? தேர்வு முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை வாடை வந்தது. கொசுவர்த்திப் புகைக்கும் கீழ்வீட்டுப் பூண்டுத் தாளிப்புக்கும் அடியில், புண்ணில் கட்டிய துணியை ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடி இரண்டு நாள் கழித்துத் திறந்ததுபோல, இனிப்பும் அழுகலும் கலந்த ஒரு நாற்றம் மேசைப் பக்கமிருந்து எழுந்து, மூச்சை இழுக்க இழுக்கத் தொண்டையில் பிசுபிசுவென்று ஒட்டியது.

ராத்திரி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆக்னஸ் மூக்கைப் பொத்தினாள். நாகர்கோவில்காரி, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ்.

“ஏட்டி, எலி எதுவும் செத்துக் கெடக்கா? ஆஸ்பத்திரிலதான் இந்த நாத்தம்னா இங்கயுமா?”

“குப்பைக்கூடைதான்க்கா. கொட்டிடறேன்.”

“வெரலக் காட்டு.” பிடித்துப் பார்த்த ஆக்னஸின் சிரிப்பு பாதியில் நின்றது. “நாலு நாளாச்சு, இன்னும் ஈரமா இருக்கு. ஐஸ் மாதிரி இருக்கேட்டி. ஒனக்கு ரத்தம் ஓடுதா, இல்ல இன்டர்நெட்டுதான் ஓடுதா? வா, ஒரு ஊசி போட்டுருவோம்.”

“ஊசி நக்கோ, வேண்டாம். சனிக்கிழமை டெஸ்ட் முடியட்டும்க்கா.”

“நக்கோவாம்! ஐதராபாத்காரி ஆயிட்டா.” ஆக்னஸ் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கல்பகம் மேசைமேல் குனிந்தாள். பிளாஸ்திரி, ரத்தம் குடித்த உண்ணியைப் போல உப்பியிருந்தது. ஓரத்தில் மஞ்சளாக நீர் கசிந்து மேசையில் காய்ந்திருக்க, எறும்புகள் சாரையாக வந்துகொண்டிருந்தன. பேனா முனையால் தொட்டாள். பேனா அமுங்கியது. பிறகு, மெதுவாக, வெளியே தள்ளப்பட்டது.

வியாழக்கிழமை அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டு வகுப்பைக் கேட்டாள். கைக்குட்டை ஏறி இறங்கியது. மின்விசிறி ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தேர்வின் முதல் பகுதி. நாற்பது கேள்வி. ஒன்பதாவது கேள்வியில் ஏதோ சொத்தென்று விழுந்தது.

பிளாஸ்திரி.

கைக்குட்டையை எடுத்தாள். லேப்டாப் வெளிச்சத்தில், சிவப்பு ஒயர் இருந்த இடத்தில் தோல். பொருக்கு உதிர்ந்த புண்ணில் வருமே, அந்த இளஞ்சிவப்புத் தோல். வழவழப்பாக. அதில் பூனை முடி. சுழிசுழியாக ரேகை. ஒரு நுனியில், அரிசிக் குருணை அளவுக்கு, நகம்.

வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, அருவருப்பில் கண்ணை மூடிக்கொண்டு, துணியால் பிடித்து இழுத்தாள். கத்தியது அவள்தான். வலித்தது அவள் விரலில். ஒயர் அறுந்தது.

விளக்குகள் அணைந்தன. “கல்பகம், உன்னாரா?” என்று, இருக்கிறாளா எனத் தெலுங்கில் கேட்ட வகுப்பு சாரின் குரல் அதோடு நின்றது.

கையெல்லாம் கொழகொழவென்றிருந்தது. செம்பு இழைகளைத் துடைத்து முறுக்கினாள். புது டேப் சுற்றினாள். ஒரு விளக்கு மினுக்கியது. அணைந்தது. மறுபடி முறுக்கினாள். மினுக்கியது. அணைந்தது.

அரை குறைகிறது.

திரையில் கடிகாரம் ஓடியது. முப்பத்தொரு கேள்வி மிச்சம். இருபத்திரண்டு நிமிடம்.

டேப்பை உரித்தாள். இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். காயம் சின்ன வாய்போலத் திறந்திருந்தது. உள்ளே ஈரம்.

வைத்தாள்.

சூடு. ஒரு உறிஞ்சல். நான்கு பச்சை விளக்குகள்.

“கல்பகம்? உன்னாரா?”

“உன்னானு சார்,” என்றாள். வலது கையால் பத்தாவது கேள்வியைத் தொட்டாள்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. டியூப் லைட் துடித்து எரிந்தது. விரல் எங்கே முடிகிறது, ஒயர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தையல் இல்லை. தழும்பு இல்லை. தோலுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. எறும்புச் சாரை மேசையிலிருந்து ஒயர் வழியாக ஏறி, எங்கும் தயங்காமல், அவள் புறங்கைக்கு வந்துகொண்டிருந்தது.

நோட்டை வலது கையால் இழுத்துப் பிரித்தாள்.

நவம்பர் 23. வெள்ளி. நாற்பதுக்கு முப்பத்தாறு. காலையில் ஆக்னஸ் அக்கா வருவதற்குள் கையைப் போர்வையால் மூட வேண்டும். நாளை மாலை ஆறு மணிக்கு இரண்டாம் பகுதி. அதுவரை விரலை எடுக்கக் கூடாது.