அடியெடுத்துக் கொடுத்தவள்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கணவன் அவளை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போனதே இல்லை. நாடகக் குழு போன இடத்துக்கெல்லாம் அவளும் போயிருக்கிறாள். ஆனால் அது வேலை. அவன் மேடையில் நடிப்பான். அவள் பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, அவன் தடுமாறும்போது வசனத்துக்கு அடியெடுத்துக் கொடுப்பாள். கைதட்டல் அவனுக்கு, முதுகுவலி அவளுக்கு. அதனால், "சனி ஞாயிறு நாம ரெண்டு பேர் மட்டும் எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று அவன் கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சமீபத்தில் அவனுக்கு மறதி முற்றியிருந்தது. முன்பு ஒரு சொல் போதும். இப்போது வரிவரியாக ஊட்ட வேண்டியிருந்தது. அவள் குரல் முன் வரிசைக்கே கேட்டு, ஜனங்கள் சிரித்தார்கள். இன்னும் ஒரு நாடகம் பார்ப்போம், அதிலும் இப்படியென்றால் வேறு ஆள் என்று குழு முதலாளி சொல்லிவிட்டார். அதற்காகவோ என்னவோ, ஏதோ பழைய ராஜா நாடகத்தை அவளோடு உட்கார்ந்து தினமும் படித்தான். அவனுக்கு ஏறியதோ இல்லையோ, அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

அந்த ஊரின் பழைய நாடக அரங்கைக் காட்சிசாலையாக்கியிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் அட்டைக் கிரீடங்கள், அழுக்கேறிய பட்டு அங்கிகள். நுழைவுச் சீட்டு கொடுத்த அம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டீங்களா தம்பி? இவங்கதானா?"

"வேற யாரையோ நெனச்சுப் பேசறீங்க. நான் இந்த ஊருக்கு வர்றதே இப்பதான்."

அந்த அம்மாள் சீட்டை அவன் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

அரங்கின் பின்வாசலிலிருந்து ஒரு பாதை குன்றின்மேல் ஏறியது. உச்சியில் கூரையில்லாத ஒரு கல் மேடை. மேடை நிறையச் சிலைகள்: ராஜா, ராணி, தூதன், சேவகர்கள். புல்லில் பூச்சிச் சத்தம்கூட இல்லை.

"இந்த ஊர்க் குழு கடைசியா இங்கேதான் நடிச்சாங்களாம்" என்றான் அவன். "நடுவுல ராஜாவுக்கு வசனம் மறந்துபோச்சு. அடியெடுத்துக் கொடுக்க வேண்டியவ விட்டுட்டுப் போயிட்டாளாம். பனி எறங்கிச்சு. ஒருத்தரும் கீழே திரும்பி வரலே. செலையெல்லாம் யாரு செதுக்கினாங்கன்னே தெரியாதாம்."

"இப்பதான் வர்றேன்னீங்க. இவ்வளவு கதை எப்படித் தெரியும்?"

"எங்கேயோ படிச்சேன்."

எல்லாச் சிலைகளின் தலையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்தச் சாய்வு அவளுக்கு அத்துப்படி. வசனம் மறந்த நடிகன் பக்கத் திரையை நோக்கிக் காதைக் கொடுக்கும் சாய்வு. அவை பார்த்த மூலையில் ஒரு கல் முக்காலி காலியாகக் கிடந்தது.

"உட்காரேன். முதுகு வலிக்கும் உனக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முதுகைப் பற்றி அவன் கேட்டதே இல்லை. உட்கார்ந்தாள்.

வெயில் இருக்கும்போதே பனி இறங்கியது.

அவன் கல் ராஜாவின் பக்கத்தில் போய் நின்று அந்த நாடகத்தின் வசனத்தை எடுத்தான். "என் நாட்டின் எல்லை எது என்று கேட்டாயே, தூதனே..."

நிறுத்தினான். தலையைச் சாய்த்தான்.

"என் குரல் எட்டும் தூரம்" என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. பழக்கம் அப்படி. சொன்ன பிறகுதான் கவனித்தாள். நிஜமாக மறந்தால் அவன் கட்டைவிரலைத் தேய்ப்பான். இப்போது அந்தக் கை அசையவே இல்லை.

மேடையெங்கும் ஒரு பெருமூச்சு.

அரிதாரத்தின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

"என்னங்க, கையக் குடுங்க."

அவன் பின்னால் நகர்ந்தான். அழுதுகொண்டிருந்தான். "போன தடவ வந்தப்போ இந்தச் செலைங்கதான் சொல்லிச்சு. நீ இங்கேருந்து சொல்லிக் குடுத்தா எனக்கு மட்டும் கேக்குமாம். இனிமே யாரும் சிரிக்க மாட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ எப்படியும் ஓரத்துலதானே உட்கார்ந்திருக்கே."

அவன் இறங்கிப் போகும் காலடிச் சத்தம் கடைசிவரை அவளுக்குக் கேட்டது. இப்படி ஒரு பாவிக்கா இத்தனை நாள் தொண்டைத் தண்ணி வற்ற உழைத்தேன் என்று நினைத்தாள்.

கல் ராஜா கிசுகிசுத்தார். "அடுத்தது?"

முதலாளி சொன்ன அடுத்த நாடகமாக அதே ராஜா நாடகம் தொடங்கியது. தூரத்து நகரத்தில் அவன் பேசிய ஒவ்வொரு சொல்லும் குன்றின்மேல் கேட்டது. அவன் தடுக்கியபோதெல்லாம் பழக்கதோஷத்தில் அவள் எடுத்துக் கொடுத்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இடைவேளையில் முதலாளி விசாரித்தார்.

"உங்க வீட்டம்மா எங்கே? ஆளையே காணோம்?"

"அவளா? என்னை விட்டுட்டுப் போயிட்டா."

அந்தப் பழைய குழுவில் அடியெடுத்துக் கொடுத்தவளைப் பற்றியும் ஊர் இதையேதான் சொல்லியிருந்தது.

கடைசிக் காட்சியில் அவன் நின்றான். தலையைச் சாய்த்தான். வரி அவள் நாக்கின் நுனியில் இருந்தது.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அரங்கில் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. திரையை இறக்கி, முதலாளி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினார். உலுக்கிய வேகத்தில் கையை இழுத்துக்கொண்டார்.

தோள் கல்லாகச் சில்லென்று இருந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் அவள் உட்காரும் காலி முக்காலியின் பக்கம் சாய்ந்திருந்த அந்தத் தலையை இன்றுவரை யாராலும் நிமிர்த்த முடியவில்லை.